வீட்டில் எழுதாத பெயர்



தாயார் பெயரில் பிள்ளைகள் அமைத்த அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. அம்மா எந்தப் பதவியும் வகித்தவர் அல்லர், மேடை ஏறியவர் அல்லர், மதுரையில் ஒரு வீட்டை நடத்தினார் என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிதான் இன்றைய பொருளை எனக்குத் தந்தது. வீட்டை நடத்துவது என்றால் என்ன? அதை நடத்துகிறவருக்கு அந்த வீட்டில் என்ன இடம்?

வீடு என்றதும் மனை, செங்கல், வங்கிக் கடன், கிரகப்பிரவேசம் என்றே பேசப் பழகிவிட்டோம். வெளியூரில் படிக்கிற மகன் இரவு பதினொரு மணிக்கு மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் வந்து இறங்குகிறான். வீட்டில் ஒருத்தி தூங்காமல் இருக்கிறாள். இரண்டு தோசைக்கு மாவு எடுத்து வைத்திருக்கிறாள். அவனுக்குக் காரச் சட்னிதான் இறங்கும் என்பது அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் வந்தால் தலைவலி வரும் என்பதும் தெரியும். மாமனாருக்குச் சர்க்கரை போடாத காப்பி, சின்னவளுக்கு நாளைக்குப் பரீட்சை, அடுத்த வாரம் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து, தண்ணீர் வருவது காலை ஐந்தரைக்கு. இதில் எதையும் அவள் எழுதி வைத்துக்கொள்வதில்லை. நம் பசியையும் வரவையும் நோவையும் ஒருவர் தம் மனத்தில் கணக்கு வைத்திருக்கிற இடத்தைத்தான் நாம் வீடு என்கிறோம். அந்தக் கணக்கு நின்றுபோன வீடுகளையும் பார்த்திருக்கிறோம். அம்மா போன மறுவருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சுவர் அதே சுவர்தான், ஆனால் இரண்டு நாள் தங்க முடிவதில்லை.

ஆக, வீடு ஒரு முறை கட்டி முடிகிற பொருள் அன்று. தினமும் காலையில் தொடங்கி இரவில் முடிகிற வேலை அது. அந்த வேலையைச் செய்கிறவருடைய பெயரை நம் வீடுகள் எங்கே எழுதி வைத்திருக்கின்றன என்று கேட்பதற்காகத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

நம் பழைய வீடுகளிலிருந்தே தொடங்கலாம். மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்டத்தில், கீழடி இருக்கிறது. 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை கே. அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் அங்கே தோண்டத் தொடங்கியது. பின்னர் தமிழ்நாடு தொல்லியல் துறை அந்தப் பணியை எடுத்துக்கொண்டது. 2019இல் வெளிவந்த அறிக்கை அந்த ஊரின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. காலத்தைப் பற்றியும் எழுத்தைப் பற்றியும் நிறையப் பேசியிருக்கிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் கீழடி முதலில் ஒரு குடியிருப்பு. அங்கே கிடைத்தவற்றில் பெரும்பாலானவை வீட்டுச் சாமான்கள்.

நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் குண்டுகள் இருக்கின்றன. தந்தத்தில் செய்த சீப்பு இருக்கிறது. மணிகள், பகடைக் காய்கள், உறைகிணறுகள் இருக்கின்றன. கூரை ஓடுகளில் மழைநீர் வழிந்தோடுவதற்காக ஈரமண்ணில் விரலால் இழுத்த பள்ளங்கள் அப்படியே தெரிகின்றன. உடைந்த பானை ஓட்டை எறிந்துவிடாமல் ஓரம் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பாண்டி ஆடுவதற்கு நம் பெண்பிள்ளைகள் இன்றைக்கும் தேடி எடுப்பது அதே சில்லுதான். ஒரு பானை உடைந்திருக்கிறது, யாரோ வைதிருப்பார்கள், பிள்ளை அதன் ஓட்டை எடுத்துத் தெருவுக்கு ஓடியிருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு சாயங்காலம் அந்தச் சில்லில் மிச்சமிருக்கிறது.

பானைகளின் தோளில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். ஆதன், குவிரன் என்ற பெயர்களைத் தமிழி எழுத்தில் வாசிக்க முடிகிறது. கையெழுத்துகள் ஒன்றுபோல இல்லை. வீட்டில் புழங்கியவர்கள் அவரவர் கைப்படக் கீறியவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இது என் பானை என்று சொல்லிக்கொள்ளும் ஆசை அவ்வளவு பழையது.

இன்றைக்கும் மதுரை வெண்கலக் கடைத் தெருவில் எவர்சில்வர் குடம் வாங்கினால், பணம் கொடுத்ததும் கடைக்காரர் கேட்பது, "என்ன பேரு வெட்டணும்?" அந்தச் சிறிய மின்கருவியின் இரைச்சல் நம் எல்லாருக்கும் பழக்கம். கல்யாணமான பெண்ணின் வீட்டு அடுக்களையில் போய்ப் பாருங்கள். குடத்தின் கழுத்தில், தூக்குவாளியின் மூடியில், தாம்பாளத்தின் அடியில் அவள் பெயர் இருக்கும். சீர் செய்தவர் பெயரும் தேதியும் இருக்கும். சில வீடுகளில் அந்தப் பெண்ணின் பெயர் எழுதப்பட்ட இடம் அந்தப் பாத்திரங்கள் மட்டும்தான். வீட்டு வரி ரசீதில் இல்லை, பட்டாவில் இல்லை, வாசல் பலகையில் இல்லை.

இனிச் சிலப்பதிகாரத்துக்கு வருகிறேன். மதுரையில் வாழ்கிறவர்கள் கண்ணகி என்றால் எரிந்த நகரத்தை நினைக்கிறோம். அதற்கு முந்தைய ஒரு நாளை நான் நினைவுபடுத்த விரும்புகிறேன்.

புகாரில் அவளுக்குப் பெரிய மனை இருந்தது. பெருவணிகன் மாநாய்கனின் மகள், மாசாத்துவானின் மருமகள். மணமான பின் அவளும் கணவன் கோவலனும் இல்லறம் நடத்தக் கோவலனின் தாயே தனி மனை அமைத்துக் கொடுத்து, செல்வமும் ஏவலாளர்களும் தந்ததாக மனையறம் படுத்த காதை சொல்கிறது. சில ஆண்டுகள் கழித்துக் கோவலன் ஆடல்மகள் மாதவியிடம் போனான். கண்ணகி அந்தப் பெரிய மனையிலேயே இருந்தாள்.

பிறகு வறுமை, நெடுவழி, துறவி கவுந்தியடிகளின் துணை, மதுரைப் புறஞ்சேரி. இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டு வருகிறாள் இடைக்குல மூதாட்டி மாதரி. கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாகத் தருகிறார். மாதரி அழைத்துப்போய்த் தங்க வைத்த இடம் வேலி சூழ்ந்த, செம்மண் பூசிய, பந்தல் போட்ட சிறிய வீடு. அங்கே நடப்பதை இளங்கோவடிகள் எவ்வளவு நிதானமாகச் சொல்கிறார் என்று பாருங்கள். மாதரி தன் மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள். புதுப் பாத்திரங்கள் வருகின்றன. பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால், மோர் எல்லாம் வருகின்றன. கண்ணகி அரிவாளை எடுத்துக் காய் நறுக்குகிறாள். பழக்கமில்லாத விரல்கள் சிவந்துபோகின்றன. ஐயை வைக்கோலில் தீ மூட்டுகிறாள். கண்ணகியின் முகம் வியர்க்கிறது, புகையில் கண் சிவக்கிறது. கோவலன் பனையோலைத் தடுக்கில் உட்காருகிறான். அவள் அவன் காலைக் கழுவ நீர் வார்க்கிறாள், தரையில் நீர் தெளித்துத் தடவுகிறாள், குருத்து வாழையிலை விரித்துச் சோறு பரிமாறுகிறாள். உண்ட பின் வெற்றிலையும் பாக்கும் தருகிறாள்.

உலகப் பெருங்காப்பியங்கள் போரையும் பயணத்தையும் விரித்துப் பேசும். நம் காப்பியம், கதாநாயகன் கொலைப்படுவதற்குச் சற்று முன்னால் நின்று, ஒரு பெண் காய் நறுக்குவதைப் பாடுகிறது. காதையின் பெயரோ கொலைக்களக் காதை. இந்தச் சமையலைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் கதை நடந்திருக்கும். ஆனால் அந்தப் பகலில் அவர்களுக்கு வாய்த்தது ஒரு வீடு என்பதை நாம் உணராமல் போயிருப்போம். அப்படி உணர்ந்தால்தான் பிறகு இழந்தது என்ன என்பது புரியும்.

உண்டு முடித்த கோவலன் மனம் நொந்து பேசுகிறான். கண்ணகி பதில் சொல்கிறாள். அந்தப் பதிலை மாணவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். தனிமையைப் பற்றி அவள் முறையிடவில்லை. நகைகள் போனதைச் சொல்லவில்லை. அறவோர்க்குக் கொடுக்கவும், அந்தணரைப் பேணவும், துறவியரை எதிர்கொள்ளவும், விருந்தினரை வரவேற்கவும் தன்னால் இயலாமற் போனதையே தன் இழப்பாகச் சொல்கிறாள். நீங்கள் நடந்துகொண்ட விதம் போற்றத்தக்கது அன்று என்பதையும் நேருக்கு நேர் சொல்லிவிடுகிறாள். புகாரில் மனை இருந்தது, பொருள் இருந்தது, பணியாட்கள் இருந்தார்கள். கணவன் உடன் இல்லாத மனைவி விருந்தோம்பும் வழக்கம் இல்லை என்பதால், வாசலுக்கு வருபவரை "வாங்க" என்று அழைக்கும் உரிமை மட்டும் அவளுக்கு இல்லை. ஆகவே அவள் கணக்கில் அது வீடே அன்று. மாதரியின் குடிலில் ஒருவருக்குச் சோறிட முடிந்தது, அது வீடு.

இதை நான் கணவனுக்குப் பணிவிடை செய்வதே பெண்ணுக்கு வீடு என்று படிக்கவில்லை. அப்படிப் படிப்பவர்கள் அவள் சொன்ன பட்டியலை மறுபடி பார்க்கட்டும். அவள் கேட்பது கொடுக்கும் அதிகாரத்தை. அந்தப் பட்டியலில் கணவனுக்குச் சமைப்பது இல்லை.

கோவலன் கொலையுண்ட பிறகு பாண்டியன் அவையில் நின்று ஊரைச் சொல்கிறாள், மாமனாரைச் சொல்கிறாள், கணவனைச் சொல்கிறாள், கடைசியில் கண்ணகி என்பது தன் பெயர் என்று தானே சொல்கிறாள். ஒரு வீட்டுப் பெண்ணின் பெயர் மதுரை அரசவையில் ஒலித்தது அவள் எல்லாவற்றையும் இழந்த பிறகுதான்.

இப்போது நம் மீனாட்சி. திருவிளையாடற் புராணத்தின்படி மலையத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் வேள்வித் தீயில் தோன்றிய தடாதகை, இளவரசனைப் போல வளர்க்கப்பட்டு முடிசூடியவள். சித்திரைத் திருவிழாவில் எட்டாம் நாள் அவளுக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்குவிசயம், அதற்கு அடுத்த நாள்தான் திருக்கல்யாணம். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஆட்சி, பிறகு கல்யாணம். சொக்கநாதர் மணமகனாக வந்து இந்த ஊரிலேயே தங்கிச் சுந்தர பாண்டியனாக ஆண்டார் என்பது புராணம். இன்றும் கோயிலில் அம்மன் சன்னதியை வணங்கிவிட்டுத்தான் சுவாமி சன்னதிக்குப் போகிறோம். ஒவ்வொரு இரவும் சுவாமியின் பாதுகைகள் பல்லக்கில் ஏறி அம்மன் பள்ளியறைக்கு வருகின்றன. பாலும் பாட்டும் தாலாட்டுமாக நடை சாத்துகிறார்கள். நாள் முழுக்க ஊருக்குப் படியளந்த இரண்டு பேர் வேலை முடித்து ஓர் அறைக்கு வந்து சேர்வதைத் தினமும் சடங்காகச் செய்யும் ஊர் இது. குடும்பம் என்பதை இதைவிட அழகாக எந்த ஊரும் கோயிலுக்குள் வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

"உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்கும் வழக்கம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. மனைவி சொல் செல்லும் வீடு மதுரை. திருக்கல்யாண நாளில் இந்த ஊர்ப் பெண்கள் வீடுகளிலும் கோயிலிலும் தாலிச் சரடு மாற்றிக்கொள்கிறார்கள். சுற்று வட்டாரத்தில் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எங்கெங்கிருந்தோ உறவுகள் வந்து மதுரை வீடுகளில் தங்குகின்றன. திருக்கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறார்கள். அழகர் ஆற்றில் இறங்கும்வரை வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளை எண்ண முடியாது. ஆனாலும் ஊர் வழக்கில் மீனாட்சியின் ஆட்சி சித்திரை முதல் ஆவணி வரை நான்கு மாதம். ஆவணியில் சுவாமிக்குப் பட்டம் கட்டியபின் மிச்சம் எட்டு மாதம் அவருடையது. ஆட்சியில் பங்கு என்பதை இந்த ஊர் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பங்கின் அளவைப் பற்றி நாம் பேசலாம்.

அந்த மொய்யைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. மேலூர்ப் பக்கத்தில் என் அத்தை வீடு. ஒரு பத்திரிகை வந்தால் மாமா பீரோவிலிருந்து மொய் நோட்டை எடுப்பார். பக்கத்தைப் புரட்டுமுன்பே அடுப்படியிலிருந்து குரல் வரும்: "கொட்டாம்பட்டிக்காரக நம்ம பெரியவ கல்யாணத்துக்கு ஐந்நூத்தி ஒண்ணு செஞ்சிருக்காக. சின்னவ சடங்குக்கு வேற ஒரு பட்டுப்பாவாடை எடுத்தாந்தாக, அது நோட்டுல இருக்காது. ஆயிரத்தி ஒண்ணுக்குக் கொறஞ்சா நல்லாருக்காது." மாமா நோட்டைப் பார்ப்பார். ஐந்நூற்று ஒன்று என்றுதான் இருக்கும். பட்டுப்பாவாடை இருக்காது.

அந்த நோட்டை நான் பலமுறை புரட்டியிருக்கிறேன். நீளவாக்கில் மடித்த பேரேடு; மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி; பிறகு ஊர், இன்னார் மகன் இன்னார், தொகை. பக்கம் பக்கமாக ஆண்களின் பெயர்கள். எந்த உறவுக்கு எவ்வளவு, எந்தச் சண்டைக்குப் பிறகு யார் வரவில்லை, யார் வீட்டில் கஷ்டம், யாரிடம் திரும்ப எதிர்பார்க்கக் கூடாது என்பது முழுக்கப் பெண்களின் மனத்தில். செய்முறை என்று நாம் சொல்லும் அந்தப் பெரிய உறவு வலை பெண்களின் நினைவில்தான் ஓடுகிறது. ஏட்டில் ஏறுவது வேறு பெயர். இப்போது மண்டப வாசலில் கம்ப்யூட்டர் வைத்து மொய் ரசீது அடித்துக் கொடுக்கிறார்கள். ரசீதிலும் அதே ஆண் பெயர்தான்.

இந்த வட்டாரத்தில் தாய்மாமன் சீருக்கு உள்ள மதிப்பு உங்களுக்குத் தெரியும். காதுகுத்தில் பிள்ளை உட்காருவது மாமன் மடியில். எனக்கும் அப்படித்தான் காது குத்தினார்கள். அந்த உறவின் இனிமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தகப்பன் சொத்துக்கு வரும்போது, பிறந்த வீட்டு உறவு விட்டுப்போகும் என்று சொல்லிச் சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்களே, அதை எப்படி ஏற்பது? கையெழுத்துப் போட்ட ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "கேட்டா கூடப்பொறந்தவக உறவு அத்துப்போகும்யா. பிள்ளைக்குக் காது குத்த மடியில உக்கார வைக்க ஆளு வேணும்ல?" ஒரு மடிக்கு ஈடாக ஒரு நிலம். இது அன்பின் பெயரால் நடக்கிற அநியாயம் என்று சொல்வதற்கு நான் தயங்கவில்லை.

சட்டம் எப்போதோ முன்னால் போய்விட்டது. தமிழ்நாட்டில் 1989லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அதுவரை மணமாகாத மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கைத் தந்தார்கள். 2005இல் நாடு முழுவதற்கும் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமை வந்தது. அது பிறப்பால் வருவது, தகப்பன் அப்போது உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் மகள் கையெழுத்துப் போடுவது நீதிமன்றத்தில் அல்ல. வீட்டுக் கூடத்தில், அண்ணன் பேனாவை நீட்டும்போது.

இங்கே திருவிளையாடற் புராணத்து வந்தியை நினைத்துக்கொள்கிறேன். வைகை கரை உடைத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் போட வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. வந்தி பிட்டு அவித்து விற்றுப் பிழைக்கும் கிழவி. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. அப்போதும் அரசன் பட்டியலில் அவள் இருந்தது ஒரு வீடு என்ற கணக்கில்தான். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு இறைவனே அவளுக்கு ஆளாக வந்தான் என்பதை ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில் இன்றும் கொண்டாடுகிறோம். கடமை கேட்கும்போது ஒற்றைக் கிழவியையும் குடும்பத் தலைவியாக எண்ணிய ஊர், உரிமை தரும்போதும் அப்படியே எண்ண வேண்டும்.

வீட்டு வேலைக்கு அளவு உண்டா என்று கேட்பவர்களுக்கு இப்போது அளவும் இருக்கிறது. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் நாளொன்றுக்கு அதற்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண் 88 நிமிடம். 2019இல் இது 299, 97 என்று இருந்தது. ஐந்து ஆண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது நல்லதே. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம். பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனிக்கும் நேரம் இதில் சேராது, அது தனிக் கணக்கு.

மதுரையில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. இங்கே பல வீடுகள் கூலிக்கு வேலை செய்யும் இடங்களும்கூட. சோறு கொதிக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை கட்டுகிறாள் ஒருத்தி. சௌராட்டிரர் வீடுகளில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்கள், கண் மங்கும்வரை போடுகிறார்கள். சுங்குடிக்கு 2005இலும் மதுரை மல்லிக்கு 2013இலும் புவிசார் குறியீடு கிடைத்து ஊர் பெருமை அடைந்தது. அந்தப் பெருமை எத்தனை வீட்டு அடுப்படிகளுக்குப் பக்கத்தில் விளைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆண்கள் உழைப்பதில்லை என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். கீழமாரட் வீதியில் விடியற்காலையில் மூட்டை தூக்குகிறவரின் முதுகைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். அவர் உழைப்புக்குக் கூலி இருக்கிறது, பெயர் இருக்கிறது. அந்தக் கூலியில் வாங்கிய கால் சென்ட் இடத்துக்கும் அவர் பெயர் இருக்கிறது. அவர் விடியுமுன் கிளம்பிப் போக முடிந்தது வீட்டில் இன்னொருவர் இருந்ததால்தான். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு வழக்கில் இதைத்தான் தீர்ப்பாகச் சொன்னார். கணவர் பல ஆண்டுகள் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். கணவர் வருமானத்தில் வாங்கிய சொத்தில், வீட்டை நடத்தியதன் மூலம் மனைவியும் பங்களித்திருக்கிறார், ஆகவே அவருக்குச் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி. இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை என்பதையும், அந்தப் பங்களிப்பை ஏற்க நீதிமன்றத்துக்குத் தடை இல்லை என்பதையும் சேர்த்தே குறிப்பிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வரத் தொடங்கியது. தொகை சிறிது என்று வாதிடலாம். ஆனால் வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்கிறது.

சில பெரியவர்கள் என்னிடம் கேட்பதுண்டு: வீடு என்பது பாசம், அதில் பங்கு, பத்திரம், நிமிடம் என்று பேசினால் பாசம் கெட்டுப்போகாதா? கெடாது. கண்ணகிக்குப் பாசம் குறைவா? உரிமை இல்லாத இடத்தில் இருந்துகொண்டு, மாமனாரும் மாமியாரும் வந்தபோது வருத்தத்தை மறைத்துப் பொய்யாகச் சிரித்ததை அவளே சொல்கிறாள். நம் வீடுகளில் அந்தச் சிரிப்பைப் பாசம் என்று நாம் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

தாயின் பெயர் ஏட்டில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று உண்டு. 1916இல் மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவு அம்மாளுக்கு ஒரு மகள் பிறந்தாள். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசிப்பவர். பெண்கள் நடத்திய அந்தச் சின்ன வீட்டில் சாதகம் கேட்டு வளர்ந்த குழந்தையின் பெயருக்கு முன்னால் மதுரையும் தாயும் நின்றார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி என்று உலகமே அழைத்தது. நம் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் தாயின் எழுத்தும் நிற்கட்டும். யாருக்கும் அதனால் குறைவு வராது.

மாணவர்களிடம் சில வேண்டுகோள்கள். தம்பிகளே, வீட்டில் இருப்பவர்களுக்குப் பிடித்தது எது, ஒவ்வாதது எது, மாத்திரை எந்நேரம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கணக்கில் பாதியை உங்கள் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பைப் பற்றவைக்க மட்டுமல்ல, நாளைக்கு என்ன சமைப்பது என்று இன்றைக்கே யோசிக்கவும் பழகுங்கள். களைப்பு அந்த யோசனையில்தான் அதிகம். தங்கைகளே, விடுதலைப் பத்திரம் என்று எது வந்தாலும் படிக்காமல், ஒருவரைக் கலக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த மொய்யிலிருந்து இருவர் பெயரையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எழுதுபவர் தயங்கினால் பொறுமையாக மறுபடி சொல்லுங்கள்.

குடும்பத் தலைவர்களாக இங்கே வந்திருக்கும் பெரியவர்களுக்கு: 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் பத்து இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைக்கிறார்கள். அரசு தரும் சலுகை சிறிதுதான். அதற்காக இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய காரியம் இது. அடுத்த முறை வீடோ மனையோ பதியப் போகும்போது உங்கள் வீட்டை நடத்துகிறவரையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். வாங்குபவர் என்ற இடத்தில் அவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.